12 ஸ்பின், 6 கியூபிட்: சர்க்யூட்டை வெட்டி ஓட்டப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை ராத்திரி, இலவசமாகக் கிடைத்த பத்து நிமிடக் குவாண்டம் நேரத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் கரைத்தேன். வந்த விடை தப்பு. எங்கே தப்பு என்று தேடுவதிலேயே மீதி நேரமும் போயிற்று. அப்புறம் 28 நாள் சும்மா இருந்தேன். அந்த 28 நாளில்தான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நான் வெட்டி ஓட்டிய கணக்கை வெட்டவே தேவையில்லை, ஐந்து விநாடியில் முடித்திருக்கலாம். உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வெட்டுவது என்றால், கருவியில் அடங்காத பெரிய சர்க்யூட்டைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, தனித்தனியாக ஓட்டி, விடைகளைக் கணக்கால் ஒட்டுவது.

யாருக்காக எழுதுகிறேன்? கியூபிட், கேட், சர்க்யூட் என்றால் என்னவென்று தெரியும், பைத்தான் கொஞ்சம் வரும், ஒரு பெரிய குவாண்டம் அமைப்பைச் சின்னக் கருவியில் ஓட்டிப் பார்க்க ஆசை. அவ்வளவு போதும்.

எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றேதான். ஒரே வரிசையில் நிற்கும் 12 ஸ்பின்கள் கொண்ட ஐசிங் சங்கிலி, குறுக்கே ஒரு காந்தப்புலம். ஸ்பின் என்பது மேலேயோ கீழேயோ காட்டும் குட்டிக் காந்தம், ஒன்றுக்கு ஒரு கியூபிட். ஐசிங் சங்கிலியில் பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் மட்டும் ஒன்றையொன்று பாதிக்கும். நம்பி ஓட்டக்கூடிய கியூபிட்கள் 6 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சிப்புகளில் நூற்றுக்கும் மேல் கியூபிட்கள் இருக்கும்போது எதற்கு 6 என்று கேட்பீர்கள். சிப்பில் இருப்பது வேறு, இரைச்சலுக்கு நடுவே நம்பக்கூடியதாக அடுத்தடுத்து அமைவது வேறு. தவிர, பழகும்போது விடை முன்பே தெரிந்த கணக்கில்தான் பழக வேண்டும்.

ஸ்பின்களுக்கு 0 முதல் 11 வரை எண் கொடுங்கள். நேரத்தை அடி அடியாக நகர்த்துகிறோம். ஒவ்வோர் அடியிலும் முதலில் பாதி எக்ஸ் சுழற்சி, அடுத்து பக்கத்துப் பக்கத்து ஸ்பின்களை இணைக்கும் இசட்-இசட் கேட்கள், கடைசியில் மீதிப் பாதி எக்ஸ் சுழற்சி. ஓர் அடிக்கு நேரம் 0.1, இணைப்பின் வலு 1. ஆக இசட்-இசட் கேட்டின் கோணம் 0.2. கோணம் 0.1 இல்லையா என்று பலரும் தடுமாறும் இடம் இது. கிஸ்கிட் என்ற ஐ.பி.எம்.மின் பைத்தான் நிரல்தொகுப்பில் அந்த கேட் கோணத்தைப் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் இரண்டால் பெருக்கிக் கொடுக்க வேண்டும்.

1. வெட்டுவதற்கு முன் கேள்வியைச் சுருக்குங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மூன்று அடி ஓட்டிய பிறகு 5ஆம் ஸ்பின்னின் காந்தமாக்கம் (மேலே என்றால் 1, கீழே என்றால் கழித்தல் 1 என்று வைத்து எடுக்கும் சராசரி) என்ன என்பது கேள்வி. கடைசி அடியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். மூன்றாம் அடியில் 5ஐத் தொடுபவை 4உம் 6உம் மட்டுமே. இரண்டாம் அடியில் அவற்றைத் தொடுபவை 3உம் 7உம். முதல் அடியில் 2உம் 8உம். ஆக விடையைப் பாதிக்கக்கூடியவை 2 முதல் 8 வரை ஏழே ஸ்பின்கள். 0, 1, 9, 10, 11 என்ன ஆட்டம் போட்டாலும் 5க்குத் தெரியாது. இதற்கு ஒளிக்கூம்பு என்று பெயர். அடிக்கு இருபுறமும் ஒவ்வொரு ஸ்பின் கூடும். சங்கிலியில் ஆயிரம் ஸ்பின் இருந்தாலும் மூன்று அடிக்கு ஏழுதான். இது தோராயம் இல்லை, நாம் ஓட்டும் சர்க்யூட்டுக்கு அப்படியே பொருந்தும் கணக்கு.

ஏழு வேண்டும், இருப்பதோ ஆறு. இப்போது கத்தியைத் தேடாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். 8ஆம் ஸ்பின்னின் மொத்த வேலை என்ன? முதல் அடியில் 7ஐ ஒருமுறை தொடுகிறது. அதோடு அதன் கதை முடிந்தது, பிறகு அதை யாரும் அளப்பதும் இல்லை. தொடும் கேட்டும் இசட்-இசட். அப்படியானால் 8 மேலே இருந்தால் 7 ஒரு பக்கம் 0.2 சுழல்கிறது, கீழே இருந்தால் எதிர்ப்பக்கம் 0.2 சுழல்கிறது, அவ்வளவுதான். மேலே இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரே ஒரு ஸ்பின்னைப் பாதி எக்ஸ் சுழற்றிப் பார்க்கும் கணக்கு, காகிதத்திலேயே வரும். எனவே 8க்குக் கியூபிட் வேண்டாம், ஒரு நாணயம் போதும். இரண்டு சர்க்யூட்கள் ஓட்டி, விடைகளை அந்த வாய்ப்புகளின் விகிதத்தில் சேர்த்தால் முடிந்தது. கூடுதல் ஷாட் (சர்க்யூட்டை ஒருமுறை ஓட்டி அளப்பது ஒரு ஷாட்) எதுவும் கிடையாது. வேண்டுமானால் 2ஆம் ஸ்பின்னுக்கும் இதையே செய்து ஐந்து கியூபிட்டிலேயே முடிக்கலாம்.

மொத்தச் சங்கிலிக்கும் கணக்கைப் பாருங்கள். 0, 1, 2 மூன்றின் கூம்புகளும் 0 முதல் 5க்குள் அடங்கிவிடும், ஒரு சர்க்யூட் போதும். அதேபோல 9, 10, 11க்கு இன்னொன்று. நடுவிலுள்ள ஆறு ஸ்பின்களுக்குத் தலா இரண்டு. ஆக மொத்தம் 14 சர்க்யூட்கள். அந்தச் சனிக்கிழமை ராத்திரி நான் ஓட்டியது 432.

அப்படியானால் வெட்டு எப்போது வேண்டும்? அடிகள் மூன்றைத் தாண்டும்போது, அல்லது தூரத்து ஸ்பின்களை ஒன்றாக அளக்கும்போது. நான்கு அடியில் 5ஆம் ஸ்பின்னின் கூம்பு 1 முதல் 9 வரை போகும். இரு ஓரத்துக்கும் நாணயம் போட்டாலும் ஏழு மிஞ்சும். இங்கேதான் நிஜமான வெட்டு. இரண்டு ஸ்பின்களின் பெருக்கத்தை அளக்கிறீர்கள் என்றால் இரண்டு கூம்புகளும் முட்டிக்கொள்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முட்டவில்லை, தொடக்க நிலையில் பின்னலும் (என்டாங்கிள்மென்ட்) இல்லை என்றால் இரண்டையும் தனித்தனியாக அளந்து பெருக்கினாலே போதும்.

ஒரு சின்ன இடைச்செருகல். சிலர் பாதிப் பாதியாகப் பிரிக்காமல் ஒவ்வோர் அடியிலும் முதலில் இசட்-இசட், பிறகு முழு எக்ஸ் என்று ஓட்டுவார்கள். தொடக்கத்தில் எல்லா ஸ்பின்னும் மேலேயோ கீழேயோ இருந்தால், அந்த முதல் இசட்-இசட் வரிசை ஒன்றுமே செய்யாது, வெறும் கட்டத்தைத்தான் கூட்டும். அதைத் தூக்கிவிட்டால் ஒரு வெட்டு மிச்சம்.

2. கணக்கு, சாவி, நிரல்தொகுப்பு

இங்கே ஐ.பி.எம். கருவிகளை வைத்துச் சொல்கிறேன். இலவசத் திட்டம் இருப்பதும், வெட்டுவதற்கென்றே தனி நிரல்தொகுப்பு இருப்பதும்தான் காரணம். கையில் மூன்று விஷயங்கள் வேண்டும்: கிளவுட் கணக்கு, ஏபிஐ கீ, உங்கள் இன்ஸ்டன்ஸின் (கணக்குக்குள் நீங்கள் திறக்கும் குவாண்டம் சேவையின்) சி.ஆர்.என். எனப்படும் நீளமான அடையாளச் சரம்.

ஏபிஐ கீயைத் திரையில் ஒரே ஒரு முறைதான் காட்டும். அப்போதே இறக்கிச் சேமியுங்கள், தவறவிட்டால் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டியதுதான். அதை நோட்புக்கில் அப்படியே ஒட்டிவைத்து, அந்த நோட்புக்கை நண்பருக்கு அனுப்பாதீர்கள். அவர் ஓட்டினாலும் கரைவது உங்கள் நிமிடம்தான்.

அடுத்து, இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள். 2024 பிப்ரவரியில் கிஸ்கிட் 1.0 வந்தபோது பழைய கட்டளைகள் பல நீக்கப்பட்டன. 2025 ஜூலையில் பழைய தளம் மூடப்பட்டு எல்லாம் கிளவுட் கணக்குக்கு மாறியது. அதற்கு முந்தைய பாடத்தைப் பார்த்துத் தட்டினால் முதல் வரியிலோ இணைப்பு வரியிலோ நின்றுவிடும், குற்றம் உங்களுடையது அல்ல. பழைய கிஸ்கிட் இருக்கும் சூழலிலேயே புதியதை ஏற்றவும் கூடாது, இரண்டும் ஒத்துப்போகாது. புதிதாக ஒரு மெய்நிகர் சூழல் திறந்து அதில் நிறுவுங்கள். வெட்டுவதற்கான தொகுப்பின் இப்போதைய பெயர் கிஸ்கிட் ஆடான் கட்டிங். சர்க்யூட் நிட்டிங் டூல்பாக்ஸ் என்று எங்காவது படித்தால் அது இதன் பழைய பெயர்.

இலவசத் திட்டம் 28 நாளுக்குப் பத்து நிமிடம் தருகிறது. ஒன்றாம் தேதி புதுப்பிக்கும் என்று நினைத்து நான் காத்திருந்தேன், அப்படி இல்லை. அது நகரும் 28 நாள் கணக்கு: இன்று செலவழித்தது 28 நாள் கழித்துத்தான் திரும்பி வரும். செஷன் முறை (கருவியைச் சிறிது நேரம் உங்களுக்கென்றே ஒதுக்குவது) இலவசக் கணக்குக்குக் கிடையாது. பேட்ச் (பல வேலைகளை ஒன்றாகக் கட்டி அனுப்புவது) உண்டு, நமக்கு அதுதான் வேண்டும்.

கணக்கு திறக்காமலேயே 5ஆம் படி வரை முழுவதையும் மடிக்கணினியில் செய்யலாம். அவசரப்படாதீர்கள்.

3. எங்கே வெட்டுவது

வெட்டு இரண்டு வகை. கேட்டை வெட்டுவது, கம்பியை (இரு கேட்களுக்கு நடுவே ஒரு கியூபிட் ஓடும் கோட்டை) வெட்டுவது. கம்பி வெட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் ஷாட் தேவை 16 மடங்கு ஏறும். சி-இசட், சிநாட் போன்ற கேட்டை வெட்டினால் 9 மடங்கு. ஸ்வாப் கேட்டை வெட்டினால் 49 மடங்கு, அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் கோணம் சின்னதாக இருக்கும் இசட்-இசட் கேட்டை வெட்டினால் செலவும் சின்னது. வாய்பாடு எளிது: கோணத்தின் சைனை இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வர்க்கப்படுத்துங்கள். நம்முடைய 0.2க்கு 1.95 மடங்குதான் வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடுவோம். வெட்டிய கேட்டின் இடத்தில் ஆறு மாற்றுகள் வரும். ஒன்றில் இரு பக்கமும் ஒன்றும் செய்யாமல் விடுகிறோம், அதன் எடை 0.990. இன்னொன்றில் இரு பக்கமும் இசட் போடுகிறோம், எடை 0.010. மீதி நான்கில் ஒரு பக்கம் அளவெடுத்து, மறுபக்கத்தைக் கால் சுற்று முன்னேயோ பின்னேயோ சுழற்றுகிறோம். இவற்றின் எடை 0.0993, இரண்டு கூட்டலில், இரண்டு கழித்தலில். குறியோடு கூட்டினால் 1 வர வேண்டும், குறியை மறந்து கூட்டினால் 1.397 வர வேண்டும். இந்த 1.397இன் வர்க்கம்தான் மேலே சொன்ன 1.95. நிரல்தொகுப்பு தரும் எடைகளை ஒருமுறை இப்படிக் கூட்டிப் பாருங்கள், கோணத்தில் தப்பு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது பெரிய பொறி. நான் முதலில் சர்க்யூட்டை டிரான்ஸ்பைல் செய்துவிட்டு, அதாவது கருவிக்குத் தெரிந்த கேட்களாக மாற்றிவிட்டு, அப்புறம் வெட்டினேன். டிரான்ஸ்பைல் செய்ததும் ஒவ்வோர் இசட்-இசட் கேட்டும் இரண்டு சி-இசட் கேட்களாக உடைந்துவிடுகிறது. மூன்று அடிக்கு நடுப் பிணைப்பில் (5க்கும் 6க்கும் நடுவே) ஆறு சி-இசட். ஆறு முறை 9ஐப் பெருக்குங்கள்: 5,31,441 மடங்கு. அதே இடத்தை டிரான்ஸ்பைல் செய்வதற்கு முன்பே வெட்டியிருந்தால் மூன்று இசட்-இசட்கள், 7.4 மடங்கு. திரையில் வந்த ஆறு இலக்க எண்ணைப் பார்த்து நிரலில் ஏதோ பிழை என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். நிரல் சரி, வரிசைதான் தப்பு. முதலில் வெட்டு, பிறகு டிரான்ஸ்பைல்.

இரண்டாவது பொறி, சரிபாதியாக வெட்டுவது. கை தானாகவே நடுவுக்குத்தான் போகும். ஆனால் 5ஆம் ஸ்பின்னுக்கு அருகில் உள்ள பிணைப்பு ஒவ்வோர் அடியிலும் வேலை செய்கிறது, கூம்பின் ஓரத்தில் இருப்பதோ தொடக்க அடிகளில் மட்டும். நான்கு அடிக் கணக்கில் 5க்கும் 6க்கும் நடுவே வெட்டினால் நான்கு வெட்டு, 14.5 மடங்கு. ஓரத்தில், 7க்கும் 8க்கும் நடுவே வெட்டினால் இரண்டே வெட்டு, 3.8 மடங்கு. அந்தப் பக்கம் மிஞ்சுவது ஓரிரு ஸ்பின்கள்தான், அதைக் கருவிக்கு அனுப்பாமல் மடிக்கணினியிலேயே துல்லியமாகக் கணக்கிடலாம். எல்லா ஸ்பின்களின் விடையும் ஒரே ஓட்டத்தில் வேண்டும் என்றால் மட்டும் நடுவெட்டுக்கு நியாயம் உண்டு. வெட்டும் இடத்தைத் தானே தேடித் தரும் வசதியும் தொகுப்பில் இருக்கிறது. சொன்ன இடத்தை ஏற்பதற்கு முன் மேலே சொன்ன மடங்குக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்.

அடிகள் கூடினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடுவெட்டுக்கு 5 அடியில் 28 மடங்கு, 10 அடியில் 805 மடங்கு. மொத்த நேரத்தை மாற்றாமல் அடியை மட்டும் நுணுக்கினாலும் செலவு ஏறவே செய்யும்: 0.5 நேரத்தை 5 அடியாக ஓட்டினால் 28, 10 அடியாக ஓட்டினால் 38. சதுரக் கட்டங்கள் பக்கம் போகிறீர்களா? 6க்கு 6 கட்டத்தை இரண்டாக வெட்டினால் ஓர் அடிக்கு ஆறு பிணைப்புகள் அறுபடும். மூன்று அடியில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் மடங்கு. என்னைக் கேட்டால் வெட்டு என்பது சங்கிலிகளுக்கும், பலவீனமான ஒன்றிரண்டு பிணைப்பால் மட்டும் தொடுத்த அமைப்புகளுக்கும்தான்.

4. ஷாட் கணக்கு, காசுக் கணக்கு

விடையில் 0.02 அளவுக்குப் பிழை இருக்கலாம் என்றால் வெட்டு இல்லாமல் சுமார் 2,500 ஷாட்கள் வேண்டும். வெட்டியிருந்தால் அதை மடங்கால் பெருக்குங்கள். நடுவெட்டு, மூன்று அடி: 7.4ஐ 2,500ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 18,600. இது எல்லாத் துணைச் சர்க்யூட்களுக்கும் சேர்த்துப் பங்கு போட வேண்டிய மொத்தம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இல்லை. நான் கோட்டை விட்டது இங்கேதான்.

மூன்று வெட்டு, ஒவ்வொன்றிலும் ஆறு மாற்று, ஆக 216 சேர்க்கைகள். இரண்டு பாதிக்கும் 432 சர்க்யூட்கள். ஷாட் எண்ணிக்கை கொடுக்காமல் விட்டால் சாம்ப்ளர் (சர்க்யூட்டை ஓட்டி மூல எண்ணிக்கைகளைத் தரும் நிரல்) தானாக 4,096 எடுத்துக்கொள்ளும். ஒரு ஷாட்டுக்கு, நடுவே காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்து, சுமார் 250 மைக்ரோ விநாடி வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 442 விநாடி, ஏழு நிமிடத்துக்கு மேல். தேவைப்பட்டதோ சர்க்யூட்டுக்கு 90 ஷாட்டுக்கும் குறைவு. முதல் படியில் சொன்ன 14 சர்க்யூட் வழியில் மொத்தம் 20,000 ஷாட்கள், ஐந்து விநாடி. இத்துடன் ஒவ்வொரு வேலைக்கும் சில விநாடி மேல்செலவு உண்டு.

காசு கொடுத்து ஓட்டுபவர்களுக்கு இதே கணக்கு கசக்கும். ஐ.பி.எம்.மில் பயன்படுத்தும் அளவுக்குப் பணம் கட்டும் திட்டம் நான் பார்த்தபோது நிமிடத்துக்கு 96 டாலர். 442 விநாடி என்றால் எழுநூறு டாலருக்கு மேல். ஐந்து விநாடி என்றால் எட்டு டாலர். அமேசானின் குவாண்டம் சேவையான பிராக்கெட்டில் கணக்கு வேறு மாதிரி: ஒவ்வொரு பணிக்கும் 30 சென்ட், அதற்கு மேல் ஷாட்டுக்குத் தனி. வெட்டு என்பதே ஒரு பெரிய சர்க்யூட்டை நூற்றுக்கணக்கான சின்னச் சர்க்யூட்களாக்கும் வேலை, எனவே பணிக் கட்டணமே மென்றுவிடும். 432 பணிக்கு ஷாட் காசு சேராமலே 129 டாலர் 60 சென்ட். 14 பணிக்கு 4 டாலர் 20 சென்ட். விலைகள் மாறும், ஓட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டு நான்கைந்தைத் தாண்டினால் எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டாதீர்கள். ஐந்து வெட்டுக்கே 7,776 சேர்க்கைகள். தொகுப்பு எத்தனை மாதிரி வேண்டும் என்று ஓர் எண் கேட்கும். பாடங்களில் அங்கே முடிவிலி என்று கொடுத்திருப்பார்கள், அப்படியே நகலெடுத்துவிடாமல் ஆயிரம் போன்ற எண்ணைக் கொடுங்கள். எடை அதிகமானவற்றுக்கே அது முன்னுரிமை தரும்.

5. மடிக்கணினியில் ஒத்திகை

12 ஸ்பின்களின் முழு நிலையைச் சேமிக்க 64 கிலோபைட் போதும். 30 ஸ்பின்களுக்கு 16 ஜிகாபைட். ஆக உங்கள் எடுத்துக்காட்டு இருபதைச் சுற்றி இருக்கும்வரை சரியான விடை எப்போதும் கையில் இருக்கும். இப்படி நேர்கோட்டில் நிற்கும் ஐசிங் சங்கிலிக்கு எத்தனை ஸ்பின் ஆனாலும் துல்லிய விடை காணும் கணித வழி உண்டு என்பது இன்னொரு வசதி. 2023இல் 127 கியூபிட் கருவியில் இதே ஐசிங் வகைக் கணக்கை ஓட்டிப் பெரிதாகப் பேசப்பட்டது. சில வாரங்களிலேயே சாதாரணக் கணினியில் அதே விடைகளை எடுத்துக் காட்டினார்கள். எனவே உங்கள் முடிவைக் கொண்டாடுவதற்கு முன் மடிக்கணினியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்று சுற்றாக ஒத்திகை பாருங்கள். முதலில் வெட்டாமல், இரைச்சல் இல்லாமல். அடுத்து வெட்டி, இரைச்சல் இல்லாமல்: விடைகள் ஷாட் பிழைக்குள் ஒன்றாக வர வேண்டும். கடைசியில் போலிக் கருவிகளில். நிஜச் சிப்புகளின் இரைச்சல் அளவுகளை அப்படியே பதிந்துவைத்த போலிக் கருவிகள் தொகுப்போடு வருகின்றன, கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம்.

அந்த ராத்திரி விடை ஏன் தப்பாக வந்தது என்று சொல்லவில்லை அல்லவா? கிஸ்கிட்டில் சரத்தின் வலக்கோடி எழுத்துதான் 0ஆம் கியூபிட். நான் இடமிருந்து எண்ணினேன். 3ஆம் ஸ்பின் என்று நினைத்து அளந்தது 8ஆம் ஸ்பின்னை. ஒத்திகையில் ஏன் பிடிபடவில்லை? எல்லா ஸ்பின்னும் மேலே இருக்கும் நிலையிலிருந்துதான் ஒத்திகை பார்த்தேன். அந்த நிலை கண்ணாடிப் பிம்பம் போல இருபுறமும் ஒன்றே, 3இன் விடையும் 8இன் விடையும் ஒரே எண்தான். நிஜ ஓட்டத்தில் மட்டும் 3ஐக் கவிழ்த்துத் தொடங்கினேன், எல்லாம் இடம் மாறிப்போயிற்று. எனவே ஒத்திகையிலேயே ஏதாவது ஒரு ஸ்பின்னைக் கவிழ்த்து, சங்கிலியை ஒருபக்கமாகச் சாய்த்து ஓட்டுங்கள்.

6. கருவியில் அனுப்புவது

சிப்பின் இணையப் பக்கத்தில் காலிபரேஷன் பட்டியல் (அதன் அண்மைய பிழை அளவுகள்) இருக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். நடுமதிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்களுக்கு வேண்டியது தொடர்ச்சியாக ஆறு நல்ல கியூபிட்கள். ஒவ்வொன்றின் வாசிப்புப் பிழையையும், அடுத்தடுத்த ஜோடிகளின் சி-இசட் பிழையையும் வரிசையாகப் பாருங்கள். பிழை 1 என்று போட்டிருந்தால் அந்த ஜோடி அன்றைக்கு வேலை செய்யவில்லை என்று பொருள். துண்டுகளைத் தனித்தனியாகத்தான் ஓட்டுகிறோம் என்பதால் எல்லாத் துண்டுகளையும் அதே ஆறு நல்ல கியூபிட்களில் மாறி மாறி உட்கார வைக்கலாம். வெட்டுவதால் கிடைக்கும் நிஜமான லாபம் இது.

வெட்டினால் இரைச்சல் தானாகக் குறைந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். முழுச் சங்கிலிக்கு மூன்று அடியில் 66 சி-இசட்கள். ஆனால் 5ஆம் ஸ்பின்னைப் பாதிப்பவை அதன் கூம்புக்குள் இருக்கும் 24 மட்டுமே. ஓரத்து ஸ்பின்னை நாணயமாக்கினால் 22. ஆயிரத்துக்கு ஐந்து பிழை என்று வைத்தால் பழுதில்லாமல் தப்பும் வாய்ப்பு 24க்கு 0.887, 22க்கு 0.896. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நல்ல கியூபிட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிஜ வித்தியாசம் வருகிறது.

கேட் வெட்டில் இன்னொரு தொல்லை உண்டு. ஆறு மாற்றுகளில் நான்கில் சர்க்யூட்டின் நடுவிலேயே அளவெடுக்க வேண்டும். அளவெடுப்பு மற்ற கேட்களைவிட வெகு மெதுவானது. அந்த நேரத்தில் பக்கத்துக் கியூபிட்கள் சும்மா நின்று நிலை இழக்கும். சும்மா நிற்கும் கியூபிட்களுக்குத் துடிப்புகள் கொடுத்து நிலையைக் காக்கும் டைனமிக் டீகப்ளிங்கைப் போட்டு வையுங்கள். துணைச் சர்க்யூட்கள் சாம்ப்ளர் வழியாகத்தான் போகும். சராசரி மதிப்பை நேரடியாகத் தரும் எஸ்டிமேட்டரில் கிடைக்கும் பூஜ்ய இரைச்சல் நீட்டிப்பு போன்ற பிழைத் தணிப்புகள் சாம்ப்ளரில் இல்லை. அவை பின்னணியில் தானாக ஓடுகின்றன என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். டீகப்ளிங், ட்விர்லிங் (கேட்களைச் சீரற்ற முறையில் மாற்றி இரைச்சலைச் சமப்படுத்துவது) இரண்டுதான் அங்கே உண்டு.

எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சில் அனுப்புங்கள். இடப் பாதியை இன்று, வலப் பாதியை நாளை என்று பிரிக்காதீர்கள். இடையில் காலிபரேஷன் மாறினால் இரண்டு வேறு கருவிகளின் விடையை ஒட்டுவதுபோல ஆகிவிடும். வரிசையில் காத்திருக்கும் நேரம் சில நிமிடமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம். அது உங்கள் பத்து நிமிடத்தில் சேராது.

7. ஒட்டுவது, சரிபார்ப்பது

ஒட்டும் வேலையைத் தொகுப்பே செய்யும்: ஒவ்வொரு சேர்க்கையிலும் துண்டுகளின் விடைகளைப் பெருக்கி, எடை போட்டுக் கூட்டும். சில விநாடி வேலை. ஆனால் வந்த எண்ணை அப்படியே நம்பாமல் மூன்று சோதனை செய்யுங்கள். காந்தமாக்கம் 1ஐத் தாண்டியோ கழித்தல் 1க்குக் கீழேயோ போனால் ஷாட் போதவில்லை, அல்லது நடு அளவெடுப்பில் வாசிப்புப் பிழை அதிகம். அடுத்து, வெட்டே தேவைப்படாத ஸ்பின்களின் விடையை நேரடி ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். நம் சங்கிலியில் மூன்று அடிக்கு 0, 1, 2 மூன்றும் அப்படிப்பட்டவை. அவையே ஒத்துவரவில்லை என்றால் சிக்கல் வெட்டில் இல்லை, கருவியிலோ எண்ணும் வரிசையிலோதான். கடைசியாக, கோணத்தை 0 ஆக்கி ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்பின்கள் தனித்தனியாகச் சுழல வேண்டும், விடையைக் காகிதத்திலேயே எழுதிவிடலாம். சில விநாடிக் கருவி நேரம் இதற்குப் போகும், கொடுங்கள்.

ஓட்ட எண், அன்றைய காலிபரேஷன் பட்டியல், எடைகள், மூல எண்ணிக்கைகள் நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். எடைகளைச் சேமிக்காமல் நோட்புக்கை மூடிவிட்டால், மாதிரி எடுத்து ஓட்டியவர்களுக்கு மூல எண்ணிக்கைகளை மறுபடி ஒட்ட வழியே இல்லை. மீண்டும் ஓட்டத்தான் வேண்டும், அதற்கு நிமிடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.